மோட்டார்ப் பந்தயத்திற்குச் சர்வதேச லைசென்ஸ் பெறுவது எப்படி?

சென்ற மார்கழி மாதம், தில்லி நகரைப் பனிமூட்டம் போர்த்திக் கிடந்த ஓர் இரவில், எங்கள் குடியிருப்பின் அடுத்த கட்டிடத்தில் வசிக்கும் தமிழ் அம்மையார் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருடைய மகன் பொறியியற் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவன். தந்தையாரின் காரை எடுத்துக்கொண்டு, நண்பர்களோடு யமுனை விரைவுச் சாலையில் பந்தயம் ஓடிவிட்டு வந்திருக்கிறான். வேகமானியின் முள் 160-ஐத் தொட்டு நின்ற காட்சியைக் கைப்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பியும் இருக்கிறான். அந்தப் படம் கை மாறிக் கை மாறித் தாயாரின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்துவிட்டது.

"தம்பி, கேட்டால், 'நான் சர்வதேசப் பந்தய வீரன் ஆகப் போகிறேன், அதற்கு லைசென்ஸ் வாங்கப் போகிறேன்' என்கிறான். நீங்கள் ரெயில்வேயில் இருப்பவர், சட்ட திட்டம் தெரிந்தவர். அப்படி ஒரு லைசென்ஸ் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் அடங்கிவிடுவான்" என்றார் அம்மையார்.

அவ்விதமே சொல்லிவிடலாம் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். ஆயினும், அறியாத ஒன்றை இல்லை என்று கூறுவது முறையன்று எனத் தோன்றவே, ஒரு வாரத் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரம் ஒரு மாதமாக நீண்டது. விதிகளைப் படித்தும், பந்தயத் துறையில் பழகியவர்களைக் கேட்டும் நான் அறிந்துகொண்டது, அம்மையார் எதிர்பார்த்த விடைக்கு நேர்மாறாக இருந்தது. அத்தகைய லைசென்ஸ் உண்டு. தொழில்முறை வீரர் அல்லாதாரும் அதைப் பெறலாம். அதை வழங்கும் தலைமை அலுவலகமோ நம் சென்னை மாநகரிலேயே இருக்கிறது!

இத்தகைய ஆசை கொண்ட பிள்ளைகள் நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்களிலும் இருக்கக்கூடும். அவர்களுடைய பெற்றோர்க்குப் பயன்படலாம் என்னும் எண்ணத்தால், பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திராத நான் இதனை எழுதத் துணிந்தேன்.

அது வேறு, இது வேறு

மறுநாள் அந்த இளைஞனை அழைத்துப் பேசினேன். அவன் மிகுந்த மகிழ்ச்சியோடு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான். "பாருங்கள் அண்ணா, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. இது வந்துவிட்டால் எந்த நாட்டிலும் ரேஸ் ஓட்டலாம்" என்றான். பார்த்தால், அது படிவம் 4-ஏ; சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டுக்கான விண்ணப்பம்.

படித்தவர்கள் பலரும்கூட இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுகின்றனர். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையை ஒட்டி நம் போக்குவரத்து அலுவலகங்கள் வழங்கும் அனுமதிச் சீட்டு, வெளிநாட்டுக்குச் செல்லும் ஒருவர் அந்நாட்டின் பொதுச் சாலையில் சாதாரணமாகக் கார் ஓட்டுவதற்கு உரியது. ஓராண்டுக் காலத்துக்கே அது செல்லும். அதை வைத்துக்கொண்டு பந்தயத் தடத்தின் வாயிலைக்கூடத் தாண்ட இயலாது. பந்தயத்திற்குரிய லைசென்ஸ் முற்றிலும் வேறானது. அதை வழங்குவது அரசாங்கப் போக்குவரத்து இலாகா அன்று, விளையாட்டுச் சம்மேளனம்.

இன்னொன்றையும் அவனுக்கு எடுத்துரைத்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி, மாநில அரசின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொது இடத்தில் வண்டிப் பந்தயம் ஓடுவது குற்றமாகும். 2019-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின், முதற் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் நேரலாம். இதைக் கேட்டபின் அவன் முகத்திலிருந்த மகிழ்ச்சி சற்றே தணிந்தது.

வழங்குவோர் யாவர்?

உலகெங்கும் கார்ப் பந்தயங்களுக்குத் தலைமைச் சபையாக விளங்குவது எப்.ஐ.ஏ. என்னும் சர்வதேச மோட்டார் சம்மேளனம். இது 1904-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் தோன்றியது. இன்றைய பெயரை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பெற்றது. இச்சம்மேளனத்தின் அடிப்படை விதி ஒன்றை நாம் முதலில் அறிய வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரே ஒரு சபையைத்தான் அது அங்கீகரிக்கிறது. வீரர்கள் தங்கள் தங்கள் நாட்டுச் சபையிடம் விண்ணப்பித்தே லைசென்ஸ் பெற வேண்டும். நேரே பாரிசுக்கு எழுதிப் பயனில்லை.

நம் நாட்டில் அந்த அங்கீகாரம் பெற்றது, எப்.எம்.எஸ்.சி.ஐ. என்று வழங்கும் இந்திய மோட்டார் விளையாட்டுச் சங்கங்களின் சம்மேளனம். அதன் தலைமை இடம் சென்னை. தலைநகராகிய தில்லியிலோ, செல்வம் கொழிக்கும் பம்பாயிலோ இல்லாமல் சென்னையில் அது அமைந்ததற்குப் பழைய வரலாறு துணை நிற்கிறது. சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் 1953-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டது. நகருக்கு வடக்கே, போர்க்காலத்தில் அமைக்கப்பட்டுப் பின்னர்க் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளத்தில் அச்சங்கத்தார் பந்தயங்கள் நடத்தினர். அக்காலத்துச் சென்னைவாசிகளுக்குச் 'சோழவரம் ரேஸ்' என்பது ஒரு திருவிழாவே. பின்னர் 1990-ஆம் ஆண்டில், திருப்பெரும்பூதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரில், பந்தயக் கார்களை நம் நாட்டிலேயே உருவாக்கிய காலஞ்சென்ற கரிவரதன் அவர்களின் பெயரால் 2003-இல் ஒரு தடம் எழுந்தது. தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் 2011-இல் திறக்கப்பட்ட புத்தா சர்வதேசத் தடத்தில், அவ்வாண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் பார்முலா-1 பந்தயம் நடைபெற்றது. மூன்றிலும் ஜெர்மானிய வீரர் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். 2024 ஆகஸ்டு இறுதியில், சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளிலேயே, மின்விளக்கொளியில் இரவுப் பந்தயம் நடந்ததை அன்பர்கள் செய்திகளில் கண்டிருப்பார்கள்.

படிப்படியாக ஏறும் ஏணி

ரெயில்வேயில் பணிபுரிபவன் ஆதலின், இதனை எனக்குத் தெரிந்த வழியிலேயே விளக்குகிறேன். எங்கள் இலாகாவில் ஒருவர் எஞ்சின் ஓட்டும் பிரிவில் சேர்ந்தவுடன் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை அவர் கையில் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் அவர் உதவி ஓட்டுநர். பிறகு நிலைய எல்லைக்குள் பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் ஷண்டிங் பணி. பின்னர்ச் சரக்கு வண்டி, அதன்பின் பாசஞ்சர், பல்லாண்டுகள் கழிந்த பின்னரே மெயில், எக்ஸ்பிரஸ். புதிய பாதையில் வண்டி ஓட்டுவதற்கு முன் அப்பாதையை இரவிலும் பகலிலும் உடன் சென்று பழகி, 'பாதை அறிந்தேன்' என்று கையொப்பமிடவும் வேண்டும்.

பந்தயத்துறையின் ஏணியும் இத்தகையதே.

முதற்படி, கார்ட் எனப்படும் சிறு வண்டி. கதவும் கூரையும் இல்லாமல் தரையோடு தரையாக ஓடும் இவ்வண்டியில் பள்ளிச் சிறுவர்களும் சிறுமியரும் பந்தயம் ஓடுகின்றனர். பெருநகரங்களில் கட்டணம் செலுத்திச் சில நிமிடம் ஓட்டிப் பார்க்கும் கார்ட் தடங்களும் உண்டு. மகனுக்கோ மகளுக்கோ இதில் உண்மையான நாட்டம் உள்ளதா, வெறும் மோகமா என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இரண்டாம் படி, பயிற்சிப் பள்ளி. சென்னை, கோயம்புத்தூர்த் தடங்களில் இத்தகைய பள்ளிகள் நடைபெறுகின்றன. வளைவில் எவ்விடத்தில் பிரேக்கை அழுத்துவது, எக்கோட்டில் திரும்புவது, பிறரை எவ்வாறு தாண்டுவது, தாண்ட வருபவருக்கு எவ்வாறு இடம் விடுவது என்பனவற்றை அங்கே கற்பிக்கின்றனர். ஆசிரியர் காரில் ஏறும் முன்பே மாணவனைத் தடத்தின் மீது நடத்தி அழைத்துச் செல்வதும் உண்டு. எங்கள் ஓட்டுநர்கள் பாதை அறிவதைப் போன்றதுதான் அது.

மூன்றாம் படி, சம்மேளனத்தின் தேசிய லைசென்ஸ். கார்ட், தடப் பந்தயம், ராலி என்னும் சாலைத் தொடரோட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் தனித்தனி. விண்ணப்பத்தை இணையத்தின் வழியே அனுப்பலாம். வயதுச் சான்று, மருத்துவச் சான்று, இரத்தப் பிரிவு ஆகியன வேண்டும். வயது நிரம்பாத பிள்ளையாயின் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். லைசென்ஸ் டிசம்பர் 31-ஆம் தேதியோடு காலாவதியாகும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

நான்காம் படி, தேசியப் பந்தயங்களில் ஓடிக் காட்டுதல். புதியவர்கள் பெரும்பாலும் கோயம்புத்தூரில் உருவான 'பார்முலா எல்.ஜி.பி.' போன்ற ஒற்றை இருக்கைக் கார்களிலோ, சாதாரணக் காரைப் பந்தயத்துக்கேற்பத் திருத்தியமைத்த வண்டிகளிலோ தொடங்குகின்றனர். எல்.ஜி.பி. கார்களில் நம் தெருவில் ஓடும் மாருதி சுசூகி எஞ்சினே பொருத்தப்பட்டது என்பதைக் கேட்க வியப்பாக இருக்கும்.

ஐந்தாம் படியே சர்வதேச லைசென்ஸ். தேசியப் பந்தயங்களில் ஒழுங்காக ஓடிய அனுபவத்தைக் காட்டினால், நம் சம்மேளனமே எப்.ஐ.ஏ. விதிகளின்படி இதனை வழங்கும். இதிலும் தரங்கள் பல உண்டு; கீழ்த்தரத்தில் தொடங்கி 'ஏ' என்னும் உயர்தரத்தை நோக்கி ஏற வேண்டும். காரின் எடை குறைந்து எஞ்சினின் ஆற்றல் மிகுந்தோறும், ஓட்டுபவருக்கு வேண்டிய தரமும் உயரும்.

இவ்விடத்தில் பிரிட்டனின் முறையைச் சொல்வது பொருந்தும். அங்கே புதியவர் ஒருவர் முதற் பந்தயத்துக்கு முன், பந்தயப் பள்ளி ஒன்றில் எழுத்துத் தேர்விலும் ஓட்டுத் தேர்விலும் தேற வேண்டும். எழுத்துத் தேர்வில் கொடிகளைப் பற்றிய வினாக்களில் ஒன்றுகூடத் தவறக்கூடாது. தேறியவர் மஞ்சள் அட்டையில் கறுப்புப் பெருக்கற் குறியைக் காரின் பின்புறம் ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். 'இவர் புதியவர்' என்று பின்னால் வருபவர்க்கு அது அறிவிக்கும். ஒவ்வொரு பந்தயம் முடிந்ததும், அவர் ஒழுங்காக ஓட்டினார் என்று பந்தய அதிகாரி கையொப்பமிடுவார். போதிய கையொப்பங்கள் சேர்ந்த பின்னரே அடுத்த தரம். வென்றாரா என்று எவரும் கேட்பதில்லை. கடைசியாக வந்தவரும், பிறர்க்கு இடையூறின்றி ஓட்டி முடித்திருந்தால் கையொப்பம் பெறுவார்.

இதை அந்த இளைஞனிடம் சொன்னபோது, "அப்படியானால் வேகத்துக்கு மதிப்பெண்ணே இல்லையா?" என்று கேட்டான். "வேகத்துக்குக் கோப்பை கொடுப்பார்கள், லைசென்ஸ் கொடுப்பது நம்பிக்கைக்கு" என்றேன்.

கண்ணும் நெஞ்சும்

சர்வதேச லைசென்ஸுக்கு மருத்துவச் சோதனை கண்டிப்பானது. கண்ணாடி அணிவது தடையன்று. ஆனால் அணிந்த நிலையிலேனும் ஒவ்வொரு கண்ணுக்கும் பத்தில் ஒன்பது பங்கு பார்வை வேண்டும். ஒரு கண்ணில் எட்டுப் பங்கானால் மற்றதில் பத்தும் முழுமையாக இருக்க வேண்டும். பக்கங்களில் தெரியும் பார்வையின் அகலம் 120 பாகைக்குக் குறையக்கூடாது. பந்தயக் கொடிகளின் நிறங்களைப் பிழையின்றி அறிய வேண்டும். இருதயம், கை கால் மூட்டுகள் முதலியனவும் சோதிக்கப்படும். 45 வயதைக் கடந்தவர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடல் உழைப்பின்போது இருதயம் இயங்கும் விதத்தைக் காட்டும் சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்க்கு லைசென்ஸ் கிடைப்பது அரிது.

இந்த நிறச் சோதனையைப் பற்றி எழுதும்போது என் கதை நினைவுக்கு வருகிறது. இளமையில் எஞ்சின் ஓட்டும் பிரிவில் சேர வேண்டும் என்பது என் பேராசை. புள்ளிகள் நிறைந்த வட்டங்களுக்குள் எண்களைக் கண்டு சொல்லும் இஷிஹாரா புத்தகத்தை மருத்துவர் புரட்டிக்கொண்டே வந்தார். நான்காம் பக்கத்திலிருந்து எனக்கு எண் எதுவும் தெரியவில்லை. வெறும் புள்ளிகளே தெரிந்தன. சிவப்பையும் பச்சையையும் நான் முழுமையாகப் பிரித்தறிவதில்லை என்பது அன்றுதான் எனக்கே தெரிந்தது. அதன்பின் எழுத்தர் தேர்வு எழுதி மேசைக்கு வந்து சேர்ந்தேன். அன்று எனக்குப் பெருந்துயரம். ஆனால் எனக்குப் பின்னே ஆயிரம் பயணிகள் உறங்கிக்கொண்டு வருவார்கள் என்பதை எண்ணும்போது, அந்த மருத்துவர் செய்தது சரியே என்று இன்று ஒப்புகிறேன்.

ஆகவே பெற்றோர்களுக்கு நான் கூறும் முதல் யோசனை இது: பள்ளிக்கும் காருக்கும் பணம் கட்டுவதற்கு முன், பிள்ளையை ஒரு நல்ல கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். முடியாது என்பதை முதல் நாளே அறிந்தால் துயரம் சிறிது. ஐந்தாண்டு கழித்து அறிந்தால் பெரிது. எங்கள் குடியிருப்பு இளைஞனை நானே அழைத்துச் சென்றேன். அவன் எல்லாப் பக்கங்களையும் தடையின்றிப் படித்தான். அருகில் அமர்ந்திருந்த எனக்கு அன்றும் புள்ளிகளே தெரிந்தன.

கொடிகளின் மொழி

பந்தயத் தடத்தில் ஓட்டுநருக்குக் காது கேளாது. எஞ்சினின் இரைச்சலில் எச்சொல்லும் அமிழ்ந்துவிடும். ஆதலின் கொடிகளே அங்கே பேசுகின்றன. இவற்றை அறியாதவர் லைசென்ஸை எண்ணிப் பார்க்கவும் வேண்டா.

மஞ்சட் கொடி ஒன்று அசைந்தால், முன்னே ஆபத்து: வேகத்தைக் குறை, எவரையும் தாண்டாதே, திசை மாற்ற ஆயத்தமாயிரு. இரண்டு மஞ்சட் கொடிகள் சேர்ந்து அசைந்தால், தடமே அடைபட்டிருக்கலாம்: வேகத்தை மிகவும் குறை, நிற்கவும் ஆயத்தமாயிரு. ரெயில்வே அன்பர்கள் இங்கே கவனிக்க வேண்டும். நம் சிக்னல்களில் இரட்டை மஞ்சளைவிட ஒற்றை மஞ்சளே கடுமையானது. பந்தயத்திலோ இரட்டை மஞ்சளே கடுமை!

பச்சை, ஆபத்து நீங்கியது. சிவப்பு, ஓட்டம் நிறுத்தப்பட்டது: உடனே வேகம் தணித்து, எவரையும் தாண்டாமல் சொல்லிய இடத்துக்குப் போக வேண்டும். நீலம், பின்னே விரைவான கார் வருகிறது. வெள்ளை, முன்னே மெதுவாகச் செல்லும் வண்டி ஒன்று இருக்கிறது. மஞ்சளில் சிவப்புக் கோடுகள், எண்ணெயோ நீரோ படிந்து தடம் வழுக்குகிறது. கறுப்பின் நடுவே ஆரஞ்சு வட்டத்தோடு ஓட்டுநரின் எண்ணும் காட்டப்பட்டால், அவருடைய காரில் ஆபத்தான பழுது: நிறுத்துமிடத்துக்கு வந்துவிட வேண்டும். மூலைக்கு மூலை கறுப்பும் வெள்ளையுமாகப் பிரிந்த கொடி, முறைகேடான நடத்தைக்கு எச்சரிக்கை. முழுக் கறுப்பு, எண்ணுக்குரியவர் உடனே உள்ளே வந்து அதிகாரிகளிடம் விளக்கம் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கொடி, பந்தயம் முடிந்தது.

எங்கள் இலாகாவில் சிவப்பு சிக்னலைத் தாண்டிய ஓட்டுநர் எத்துணைத் திறமையுடையவராயினும் தப்ப இயலாது. பந்தயத்திலும் மஞ்சட் கொடியின் கீழ் ஒருவரைத் தாண்டியவர்க்குத் தண்டனை உண்டு. அக்கொடியின் பின்னே, கவிழ்ந்த காரிலிருந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டு வெறுங்கையோடு நிற்கும் பணியாளர்கள் இருப்பார்கள். கொடிக்குக் கீழ்ப்படிபவர் அவர்களுடைய உயிரைக் காப்பவர்.

கடல் கடந்து ஓடுவது

சர்வதேச லைசென்ஸ் கையிலிருந்தாலும், வெளிநாட்டுப் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ளத் தம் நாட்டுச் சம்மேளனத்தின் சம்மதம் தேவை. எந்நாட்டுச் சம்மேளனம் லைசென்ஸ் அளித்ததோ, அந்நாட்டின் பெயரிலேயே அவர் அங்கே கருதப்படுவார். ஊக்க மருந்துச் சோதனைக்கும் மதுச் சோதனைக்கும் உட்பட வேண்டும். சளிக்கு உட்கொள்ளும் மருந்திலும் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருக்கக்கூடுமாதலின், எதையும் மருத்துவரைக் கேளாது உண்ணலாகாது. தீப்பற்றா உடை, தலைக்கவசம், மோதலின்போது தலை முன்னே வீசப்படாமல் தாங்கும் கழுத்துக் காப்பு ஆகியவை எப்.ஐ.ஏ.வின் முத்திரை பெற்றவையாக இருக்க வேண்டும். கடைத்தெருவில் வாங்கிய ஹெல்மெட் செல்லாது.

எல்லாவற்றுக்கும் மேலே, பார்முலா-1 பந்தயத்துக்கு மட்டும் 'சூப்பர் லைசென்ஸ்' என்று ஒன்று உண்டு. 2015-இல் மாக்ஸ் வெர்ஸ்டாப்பன் என்னும் இளைஞர் 17 வயதிலேயே அப்பந்தயத்தில் இறங்கியதைக் கண்டபின், விதிகளை இறுக்கினர். 2016 முதல் குறைந்த வயது 18 என்பது பொது விதியாயிற்று. கீழ்நிலைப் பந்தயங்களில் மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகளும் சேர்த்திருக்க வேண்டும்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் அவர்களின் வாழ்வு இந்த ஏணிக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய தந்தையார் ராலி வீரர். மகன் 1992-இல் பிரான்சு நாட்டுப் பந்தயப் பள்ளியில் பயின்றார். 1993-இல் திருப்பெரும்பூதூரில் பார்முலா மாருதி காரோட்டினார். பின்பு பிரிட்டன் சென்றார். 1996-இல் பார்முலா ஆசியா வாகையரானார். பிரிட்டிஷ் பார்முலா-3 பந்தயங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடினார். இத்தனைக்கும் பிறகு 2005 மார்ச்சில், ஆஸ்திரேலியாவில், பார்முலா-1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். பள்ளியிலிருந்து அவ்விடம் வரை 13 ஆண்டுகள்! ஓரிரவில் விரைவுச் சாலையில் 160 கிலோமீட்டர் வேகம் கண்டு, தான் வீரன் என எண்ணுபவர்கள் இக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

தொழில்முறை அல்லாதாரின் இடம்

"அவர் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியவர், வேறு தொழில் செய்பவர்க்கு இங்கே என்ன வேலை?" என்று ஒருவர் கேட்கலாம். எப்.ஐ.ஏ. ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என நான்கு வகையாகப் பிரிக்கிறது. வெண்கலம் என்பது தொழில்முறை அல்லாதார்க்கு உரியது. முதல் லைசென்ஸை 30 வயதுக்கு மேல் பெற்றவர்களும் பெரும்பாலும் இதில் அடங்குவர். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை உள்ளடக்கிய உலக நீடோட்டப் போட்டியின் ஜி.டி. பிரிவில், ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல ஓட்டுநரேனும் இருந்தாக வேண்டும் என்பது 2024 முதல் விதி.

நம் திரைப்பட நடிகர் அஜித் குமார் அவர்களை அனைவரும் அறிவர். திரைப்படத் தொழிலுக்கு நடுவே 2010-இல் ஐரோப்பாவின் பார்முலா-2 பந்தயங்களில் ஓட்டிய அவர், நீண்ட இடைவெளிக்குப்பின் 2025 ஜனவரியில், 53-ஆம் வயதில், துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தாமே ஓர் அணியை அமைத்துச் சென்றார். அவ்வணியின் கார் தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது.

செலவும் ஆபத்தும்

மறைக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு உள. ஒன்று செலவு. லைசென்ஸின் கட்டணம் செலவுகளிலெல்லாம் சிறியது. காரின் வாடகை, டயர், எரிபொருள், பாதுகாப்பு உடை, பயணம், தங்கல் என்று சேர்ந்துகொண்டே போகும். மாதச் சம்பளக்காரர் வீட்டிலிருந்து சர்வதேசப் பந்தயம் வரை செல்வதற்கு ஆதரவளிக்கும் நிறுவனம் அமைய வேண்டும். அது கார்ட், தேசியப் பந்தயம் ஆகியவற்றில் திறமை காட்டிய பின்னரே அமையும். கடன் வாங்கி முதற்படியிலேயே மேற்படிக்குத் தாவ வேண்டா.

மற்றொன்று ஆபத்து. 1955-இல் லெ மான் பந்தயத்தில் ஒரு கார் மக்கள் கூட்டத்துள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023-ஆம் ஆண்டில், நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலேயே, கார் ஓட்டிய மூத்த வீரர் ஒருவரும், இருசக்கர வண்டி ஓட்டிய 13 வயதுச் சிறுவர் ஒருவரும் வெவ்வேறு பந்தயங்களில் உயிரிழந்தனர். எல்லாக் காப்புகளும் உள்ள இடத்திலேயே இவ்வாறாயின், எதிரே லாரி வரும் பொதுச் சாலையில், பனிமூட்டத்தில், கவசமும் கொடியும் மருத்துவரும் இன்றி ஓடுவதை என்னென்பது?

பிறகு நடந்தது

ஒரு மாதம் கழித்து அம்மையாரிடம், "அந்த லைசென்ஸ் உண்டு" என்ற உண்மையைச் சொன்னேன். அவர் முகம் வாடிற்று. அதன் பின் மேலே எழுதிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "இவ்வளவுக்கும் அவன் உட்பட வேண்டுமா? அப்படியானால் அவர்களாவது அவனை அடக்கட்டும்" என்றார்.

செலவின்றித் தொடங்க ஒரு வழியும் கிடைத்தது. பந்தயத் தடங்களில் கொடி காட்டும் மார்ஷல்கள் பெரும்பாலும் தொண்டர்களே. சிறு பயிற்சி பெற்ற பின், கிரேட்டர் நொய்டாத் தடத்தில் நடந்த ஒரு பந்தயத்துக்கு இவ்விளைஞனும் கொடிப் பணியாளனாகச் சென்றான். மாலையில் வெயிலில் கறுத்துத் திரும்பியவன், "அண்ணா, நான் இருந்த வளைவில் ஒரு கார் சுழன்று தடத்தின் குறுக்கே நின்றுவிட்டது. நான் மஞ்சட் கொடியை அசைத்தேன். வந்த எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள். ஒருவன்கூடத் தாண்டவில்லை" என்றான். அதை அவன் மூன்று முறை சொன்னான். 160 என்னும் எண் அன்று அவன் வாயிலிருந்து வரவில்லை.

இவ்வாண்டு அவன் கார்ட் பழகுகிறான். படிப்பு முடிந்து வேலைக்குப் போனபின், தன் சம்பளத்தில் சென்னைப் பள்ளியில் சேர்வதாகத் தந்தையாரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறான். சர்வதேச லைசென்ஸ் அவனுக்குக் கிடைக்குமோ, கிடைக்காதோ, நான் அறியேன். ஆனால் இரவில் அந்த வீட்டுக் கார்ச் சாவி இப்போது கூடத்து ஆணியிலேயே தொங்குகிறது. அம்மையாரும் உறங்குகிறார்.

நம் வீட்டுப் பிள்ளைகள் வேகத்தை விரும்பினால் அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதோடு நின்றுவிட வேண்டா. சாலை வேறு, தடம் வேறு என்பதை எடுத்துச் சொல்லி, ஏணியின் முதற்படியைக் காட்டுங்கள். ஏறத் தகுதியுள்ளவர்கள் ஏறுவார்கள். ஏற இயலாதவர்களும், கொடியைக் கண்டால் வேகத்தைக் குறைக்கும் பழக்கத்தோடு வீடு திரும்புவார்கள். அதுவும் பெரும் பேறே.